பெங்களூரிலிருந்து இரண்டு வரி

வெறும் பெயரைச் சொல்லி எங்கள் கணினிப் பிரிவு மேடத்திடம் எதையும் வாங்கிவிட முடியாது. ஓசூரில் நான் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று போனில் கூப்பிட்டால், "சரிங்க, வைங்க" என்று சொல்லி அவரே வைத்துவிடுவார். பிறகு நம் மேசையில் இருக்கும் போனுக்குத் திருப்பிக் கூப்பிடுவார். நாம் கேன்டீனிலிருந்து கூப்பிட்டிருந்தால் மேசையில் மணி அடித்து அடித்து ஓயும். அத்தோடு முடிந்தது. கேட்டது நாம் இல்லை என்று அவர் முடிவு செய்துவிடுவார்.

ஒருமுறை எரிச்சலில் அவர் அறைக்கே போய்க் கேட்டேன். "மேடம், என்னோட குரல் உங்களுக்குத் தெரியாதா?"

"குரல் தெரியுதுங்க சார். குரலு உங்களுதுதான். பேசுனது நீங்கதானான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சிரிக்காமல் சொன்னார். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. மெலிந்த உடம்பு. குளிர்சாதன அறையிலேயே நாள் முழுவதும் இருப்பதால் பருத்திப் புடவைமேல் எப்போதும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். தொழிற்சாலையின் மின்னஞ்சல், கணினி, வலையமைப்பு எல்லாம் அவர் பொறுப்பு. அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு, அது அவருடையது. வருகிறவர்கள் நின்றபடியே பேச வேண்டும். பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார். முதலில் கழுத்தில் தொங்கும் அட்டை, அப்புறம் நாம் நுழைந்த கதவு, கடைசியாகத்தான் முகம்.

நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். எண்ணுவதுதான் பிழைப்பு. பெட்டிக்கு எத்தனை, அதில் விளிம்பு நசுங்கியது எத்தனை என்று முப்பது வருஷத்துக்கு மேல் எண்ணியவன். ஒவ்வொரு லோடுக்கும் என் கையெழுத்தோடு ஆய்வுச் சான்றிதழ் மின்னஞ்சலில் முன்னால் போயாக வேண்டும். சான்றிதழ் இல்லையென்றால், வாங்குகிற கம்பெனிக்காரர்கள் சரக்கை வண்டியை விட்டு இறக்க மாட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் திடீரென்று அவை போய்ச் சேராமல் போயின. நான் அனுப்புவேன்; போய்விட்டது என்றுதான் திரை காட்டும். அந்தப் பக்கமோ "வரல சார்" என்று ஒரே பதில். இரண்டு லாரிகள் வாடிக்கையாளர் வாசலில் சும்மா நின்றன. தேடியதில், எல்லாம் அவர்களுடைய குப்பைப் பெட்டிக்குள், லாட்டரி விளம்பரங்களோடு கிடந்திருக்கின்றன. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் பதறவில்லை. மிக மெதுவாக விளக்கினார்.

"நம்ம பேர்ல ஒரு மெயில் போச்சுன்னா, அந்தப் பக்கம் இருக்கற மிஷினு ரெண்டு விஷயம் பாக்கும் சார். ஒண்ணு, எந்த வழியா வந்துது? இன்னின்ன வழியாத்தான் எங்க மெயில் வரும்னு நாம முன்னாடியே எழுதி வெச்சிருக்கோமா? இன்னொண்ணு, நம்ம முத்திரை இருக்குதா, நடுவுல யாராச்சும் கை வெச்சிருக்காங்களா? ரெண்டுல ஒண்ணாவது சரியா இருக்கணும். ரெண்டுமே இல்லன்னா அத என்ன பண்றதுன்னும் நாமதான் சொல்லி வெக்கணும். போனாப் போவுது விடு, இல்ல ஓரமாப் போடு, இல்ல வாசல்லயே திருப்பி அனுப்பு. நம்ம கம்பெனில இது எதுவுமே எழுதி வெக்கல. அவங்க எத நம்பி உள்ள விடுவாங்க?"

"அனுப்பினது நான்தானேம்மா!"

"உங்க பேர்ல வந்துது. அவங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

வழி, முத்திரை, இரண்டும் இல்லாததை என்ன செய்வது என்ற விதி, அந்த மூன்றுக்கும் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் என்று பெயர் சொன்னார். ஒரு வாரத்தில் மூன்றையும் எழுதி வைத்தார். சான்றிதழ்கள் ஒழுங்காகப் போய்ச் சேரத் தொடங்கின. எனக்குத் தூக்கம் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் நன்றி சொல்லப் போய், அவர் திரையில் என்ன பார்க்கிறார் என்று கேட்டுத் தொலைத்தேன்.

அப்படி எழுதி வைத்த பிறகு, உலகத்தில் உள்ள பெரிய மின்னஞ்சல் நிறுவனங்கள் தினமும் காலையில் அவருக்கு அறிக்கை அனுப்புமாம். நேற்று உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் அஞ்சல் வந்தது, எத்தனை வந்தது, தேறியது எத்தனை, தேறாதது எத்தனை என்று. அஞ்சலில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் அதில் இருக்காது. நான் வழக்கம்போல் எண்களைக் கூட்டிப் பார்த்தேன். நாங்கள் அனுப்பியதைவிட எங்கள் பெயரில் மற்றவர்கள் அனுப்பியது அதிகமாக இருந்தது. பெயர்கூடச் சரியாக வாசிக்க வராத நாடுகளிலிருந்து எங்கள் தொழிற்சாலை யார் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தது.

"நம்ம பேர்ல எத்தன பேரு நடமாடறாங்க, பாத்தீங்களா?" என்றார். அதில் குறையோ கோபமோ இல்லை. பக்கத்து வீட்டில் குடிவந்தவர்களைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. அன்று வீடு திரும்பும்போது, எங்களுடையதைப் போலவே இன்னொரு தொழிற்சாலை, எங்களுடையதைப் போலவே ஒரு தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, அதில் என் கையெழுத்தைப் போடும் ஒருவன் என்று புத்தி எங்கெங்கோ போனது.

கேன்டீன் பையன்களுக்கு அவர் வேடிக்கைப் பொருள். தட்டை வைத்துவிட்டு ஒருவன் கேட்பான்: "மேடம், இது ஒரிஜினல் உப்புமாதானா? முத்திரை பாத்துட்டீங்களா?"

"உப்புமாவுக்கு எதுக்குப்பா முத்திரை? அது பேர்ல வேற எது வரப் போவுது?" என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்வார். மேசையே சிரிக்கும். அவர் மட்டும் சிரிக்க மாட்டார். ஆனால் மலைக்கோயில் பிரசாதம் என்று யாராவது தொன்னையை நீட்டினால், "யாரு போனது? எப்ப போனது?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார். அது விளையாட்டில்லை.

திருப்பிக் கூப்பிடாமல் அவர் பேசிய ஒரே ஆள் அவருடைய தம்பி. அவரைவிடப் பல வயது இளையவன். எல்லையைத் தாண்டிக் கர்நாடகப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு இரண்டாம் யூனிட் இருந்தது. அங்கே எலக்ட்ரீஷியன். கணினி, பிரின்டர் எது படுத்தாலும் அவன்தான் பார்ப்பான். மத்திகிரியில் அக்கா வீட்டின் மாடியில் மனைவியோடு குடியிருந்தான். அவனிடமிருந்து போன் வந்தால் மட்டும், எந்த எண், எந்த இடம் என்று பார்க்காமல், "சொல்றா" என்பார். அந்த ஒரு சொல்லில் அவர் வேறு ஆளாகிவிடுவார். நான் அறைக்குள் நின்று அதைக் கேட்டிருக்கிறேன்.

ஒரு நாள் மாலை இரண்டாம் யூனிட்டிலிருந்து பைக்கில் கிளம்பியவன் வீட்டுக்கு வரவில்லை. பைக் ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் பூட்டி நின்றது. ஹெல்மெட் அதன்மேல் இருந்தது. போன் அணைந்திருந்தது. வீட்டில் சண்டையில்லை, கடன் இல்லை, வேறு பேச்சும் இல்லை. காணாமல் போனது எந்த மாநிலத்தில் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போலீஸ் ஸ்டேஷன்களுக்கு அவர் நடந்த நடை கொஞ்சமில்லை. அலுவலகத்தில் இதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. ஸ்வெட்டரை மட்டும் வெளியில் வெயிலில் போகும்போதும் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்.

அந்த வருஷமே ஆர்டர் குறைந்து இரண்டாம் யூனிட்டை மூடினார்கள். இயந்திரங்கள் லாரியில் இங்கே வந்தன. மூடிய அன்றே, அந்த யூனிட்டின் இணைய வழியை எங்கள் அஞ்சல் வழிகளின் அனுமதிப் பட்டியலிலிருந்து அவர் அடித்துவிட்டார். "சாத்துன கதவுக்கு எதுக்கு சார் பாஸு?" என்றார். சரியான காரியம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதற்குப் பிறகு முதலாளி பெயரில் ஒரு அஞ்சல் வந்தது. புதிய பாகத்தின் வரைபடங்களை உடனே இந்த முகவரிக்கு அனுப்பு என்று. ஒரு இளம் பொறியாளர் பயந்துபோய் அனுப்பியும்விட்டார். முதலாளி எழுதியதே இல்லை அது. அதோடு அவர் மூன்றாவது விதியைக் கடைசிவரை இறுக்கினார். எங்கள் பெயரில், வழியும் முத்திரையும் இல்லாமல் எது வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பு. உள்ளே ஒரு எழுத்துகூட வரக் கூடாது. யாரிடமிருந்து, யாருக்கு, எவ்வளவு பெரியது என்ற விவரம் மட்டும் பதிவாகும்.

சில வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் நேரத்தில் அவர் என் அறைக்கு வந்தார். அத்தனை வருஷத்தில் அவர் தன் அறையை விட்டு என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த தாளை மேசைமேல் வைத்தார். திருப்பி அனுப்பப்பட்டவற்றின் விவரம். ஒரு வரியின்மேல் விரல் வைத்தார். அனுப்பியவர், அவருடைய தம்பி. தம்பிக்குக் கம்பெனி கொடுத்திருந்த அதே முகவரி. பெறுநர், அவர். வேறு யாருக்கும் போகவில்லை. வந்த இடம், பெங்களூர். அளவு, சுமார் இரண்டு வரி.

"யாரோ திருட்டுப் பய மேடம்."

"திருடன் முதலாளி பேர்ல வருவான் சார். காணாமப் போன எலக்ட்ரீஷியன் பேர்ல வந்து எங்கிட்ட என்னாத்த வாங்கிக்கப் போறான்?"

"அப்ப உள்ள விட்டுப் பாத்துடுங்க. ஒரு தடவைக்கு."

"வழி தப்பு. முத்திரை இல்ல." விரலை அந்த வரியிலிருந்து எடுத்தார். "அவனா இருந்தா ஏன் சார் எனக்குப் போன் பண்ணல? எந்நம்பர நான் மாத்தவே இல்லியே."

அதன்பின் அது அடிக்கடி வந்தது. ஒவ்வொரு முறையும் வேறு இணைய எண்ணிலிருந்து, ஆனால் எப்போதும் பெங்களூரிலிருந்து. சில நாள் வராது. காற்றும் மழையுமாக இருக்கிற நாளில் ஒரே பிற்பகலில் அடுத்தடுத்து வரும். நனைந்துகொண்டு நிற்கிற யாரோ பொறுக்க முடியாமல் கதவைத் தட்டுவதுபோல. என்னைத் தொந்தரவு செய்தது வேறொன்று. எல்லா அஞ்சலும் ஒரே அளவு. ஒரு எழுத்துகூட வித்தியாசமில்லை. மனிதன் ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதினாலும் ஒரு புள்ளியாவது கூடும், ஒரு இடைவெளியாவது குறையும். இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னேன்.

"ஒரே பேச்சத்தான் திரும்பத் திரும்பச் சொல்றான்னு அர்த்தமா?" என்றார்.

"அப்படி என்ன பேச்சு இருக்கப் போவுது?"

யோசித்தார். "அக்கா, கதவத் தொற. அதத்தவிர வேற என்ன சார் சொல்லுவான்?"

அந்த ஒரு பெயரை மட்டும் உள்ளே விடும்படி செய்வது அவருக்கு ஒரு நிமிஷ வேலை. அதை அவரே சொன்னார். செய்யவில்லை. நான் வற்புறுத்தியபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"தொறந்தா தெரிஞ்சிடும் சார். இப்போ வாசல்ல யாரோ நிக்கறாங்க. நிக்கட்டும்."

தம்பியின் மனைவி அதற்குள் நாகரசம்பட்டியில் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். மாந்தோப்பில் காய் பறிக்கிற பருவத்தில் ஒரு நாள் தொழிற்சாலைக்கு வந்தாள். வாசலில் அவளைப் பார்த்து நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு நின்றார். அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"ஊர்ல காரியம் பண்ணிடலாங்கறாங்க அண்ணி," என்றாள் அந்தப் பெண். "வர்ற அமாவாசைக்கு. எங்கப்பாவும் சரின்னுட்டாரு."

இவர் திரையின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு மெயில் வருதாமே. இங்க வேல பாக்கற எங்கூருப் பொண்ணு சொல்லுச்சு. அவரு பேருலயே வருதாமே."

"பேர்ல வருதும்மா."

"தொறந்தே பாக்கலியாமே. ஏன் அண்ணி?"

"அது அவன்தான்னு உறுதி இல்ல."

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "உறுதி இல்லாமத்தான் ரெண்டு வருஷமா நான் பொட்டு வெச்சிக்கினு திரியறேன். கோயிலுக்குப் போனா ஒருத்தி குங்குமம் குடுக்கறா, ஒருத்தி குடுக்காம போறா. நான் யாருன்னு எனக்கே தெரியல. நீங்க என்னடான்னா மிஷினுக்கு முன்னாடி ஒக்காந்துகினு வழி சரியில்ல, முத்திரை சரியில்லங்கறீங்க. அவரு செத்துட்டாரா, இருக்காரா? அத மட்டும் சொல்லுங்க. நான் போயிடறேன்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து, நின்றபடியே விசைப்பலகையில் எதையோ அடித்தார். நிஜமாகவே ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "தொறந்துட்டேன்," என்றார். "இனிமே வந்தா உள்ள வரும். வந்ததும் ஒனக்குச் சொல்றேன், போ."

திறந்து வைத்த பிறகு அது வரவில்லை. வெயில் சீராக அடித்தது, காற்றே இல்லை. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் சாப்பாட்டுக்குக்கூட அறையை விட்டு எழவில்லை. கேன்டீன் பையன் தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்தான், கேலி பேசவில்லை. பிறகு ஒரு நாள் பிற்பகல் மாமழை. கிழக்கே இடி. என் மேசை போன் அடித்தது.

"வாங்க சார்," என்றார். அவ்வளவுதான்.

திரையில் அது திறந்திருந்தது. மேலே தம்பியின் பெயர். கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி. முதல் வரி: இயக்கத்துக்கு வந்துவிட்டது, தயாராக இருக்கிறது. இரண்டாவது வரி: இடம், இரண்டாம் யூனிட், மாடி.

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தேன். எனக்கே ஏதோ புரியத் தொடங்கியது. இத்தனை தெரிந்த அவருக்கு என்னைவிட முன்னால் புரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் என் பக்கம் திரும்பினார். அன்று அட்டையைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை, நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"மாடியில இருக்கானா சார்?"

மறுநாள் காலையில் கம்பெனி வேனில் போனோம். இரண்டாம் யூனிட்டின் முன்னால் இடுப்பளவு புல். கட்டடம் இன்னும் எங்கள் குத்தகையில்தான் இருந்தது. தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற காவல்காரர் ஒருவர் கேட்டைத் திறந்தார்.

"மேலே யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன்.

"யாரு சார் இர்க்கறாங்க? நானு, கேமரா, ரெண்டே பேரு. கீழே கதவு நானே பூட்டி சாவி நானே வெச்சிர்க்கறேன்." பிறகு தயங்கிச் சொன்னார். "ஆனா கரண்ட் போய் வந்தா மாடில சத்தம் கேக்கும் சார். யாரோ எழ்ந்து பாயி மடிக்கற மாதிரி. நானு மேலே போறதில்லெ."

மேலே பழைய அலுவலக அறை. மேசைகளைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் தரை வெளுத்து நீள்சதுரங்களாகத் தெரிந்தது. மூலையில் பிளாஸ்டிக் உறை போர்த்திய ஒரு ஜெராக்ஸ் மிஷின். பக்கத்துச் சுவரில் கேமராவுக்கான இணையப் பெட்டி, பச்சை விளக்கோடு; மிஷினின் ஒயரும் அதில்தான் செருகியிருந்தது. இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்.

அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு, என் சான்றிதழ்கள் போய்ச் சேராதபோது விளக்கிய அதே குரலில் சொன்னார். இந்த மிஷின் வந்தது தம்பி காணாமல் போவதற்கு முந்தைய வாரம். இதைப் பொருத்தியது அவன்தான். மிஷின் யார் பெயரில் அஞ்சல் அனுப்ப வேண்டும் என்ற இடத்தில் தன் முகவரியை எழுதியிருக்கிறான். யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் அக்கா முகவரி. யூனிட் ஓடிய காலத்தில் ஜெனரேட்டர் இருந்தது, மிஷின் அணையவே இல்லை. அதனால் சொல்லவும் ஒன்றும் இல்லை. மூடிய பிறகு ஜெனரேட்டர் போய்விட்டது. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் இது விழித்துக்கொண்டு, நான் தயார் என்று அவருக்கு எழுதுகிறது. கேமராவுக்குக் கட்டட உரிமையாளர் பின்னால் போட்ட மலிவு இணைப்பில் இணைய எண் மாறிக்கொண்டே இருக்கும். அது பெங்களூர்க் கணக்கில் வரும்.

"நான்தான் இந்த வழிய அடிச்சேன்," என்றார் கடைசியாக.

உறையை விலக்கி, மூடியைத் தூக்கி, கண்ணாடிமேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு சுவிட்சை அணைத்து, போட்டார். மிஷின் உள்ளே எதையோ இழுத்து, உருட்டி, நிமிர்த்தியது. காவல்காரர் சொன்னது சரிதான். யாரோ எழுந்து பாய் மடிக்கிற சத்தம். அவர் கையிலிருந்த போன் டிங் என்றது. கீழேயிருந்து காவல்காரர் கேட்டார்: "மேடம், யாரு வந்தது?"

"நாங்கதாங்க. வேற யாரும் இல்ல," என்றார் இவர்.

வேனுக்குத் திரும்புவதற்கு முன்பே தம்பி மனைவிக்குப் போன் போட்டார். "அவன் இல்லம்மா. மிஷினு. காரியத்தப் பண்ணிடுங்க." மறுமுனையில் அழுகை கேட்டது. இவர் அது ஓய்கிறவரை போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

காரியத்துக்கு நானும் போனேன். எல்லாம் முறைப்படி நடந்தது. உடம்பு இல்லாத இடத்தில் தர்ப்பையில் ஒரு உருவம் செய்து வைத்தார்கள். அந்தப் பெண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் துக்கத்தோடு ஏதோ இறக்கி வைத்த தெளிவும் இருந்தது. புரோகிதர் தம்பியின் பெயரைச் சொல்லி, இன்னாருடைய மகன், இன்னாருடைய தம்பிதானே என்று கேட்க, மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். இவர் மட்டும் வாய் திறக்கவில்லை. கும்பிடும்போதும் அந்த உருவத்தைப் பார்க்காமல், அது எந்தப் பக்கமிருந்து கொண்டுவரப்பட்டது என்பதுபோல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் இரண்டாம் யூனிட்டைக் காலி செய்து கொடுத்தோம். மிச்சம் மீதியைப் பழைய சாமான் விலைக்குக் கழித்தபோது அந்த மிஷினை அவர் வாங்கிக்கொண்டார். தம்பி கை பட்டது, ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று வாங்குகிறார் என நினைத்தேன். அடுத்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன்.

போன ஆடியில் மத்திகிரிப் பக்கம் ஒரு வேலையாகப் போனவன், அவர் வீடு நினைவுக்கு வந்து போனேன். கால்நடைப் பண்ணைக்குப் பின்னால், வரிசையாகக் கட்டிய வாடகை மாடி வீடுகளில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலும் ஸ்வெட்டர் போட்டிருந்தார். முன்னறையில் இரண்டு நாற்காலிகள், ஒரு டிவி. சுவரோரம் அந்த மிஷின். தூசி இல்லை. மேலே துவைத்து மடித்த துண்டு ஒன்று விரித்திருந்தது. அதன் அருகில் புதிதாக ஒரு இணையப் பெட்டி.

"இதுக்கு எதுக்கு மேடம் தனி லைனு?"

"நம்பர் மாறாத லைனுங்க சார். கூடக் காசு குடுத்துப் போட்டேன். நம்பர் மாறிட்டா பட்டியல்ல எழுத முடியாதுல்ல?"

"எந்தப் பட்டியல்?"

அவர் இணையப் பெட்டியின் ஒயரை நேராக்கினார். எனக்குப் பிறகுதான் உறைத்தது. எங்கள் பெயரில் எந்தெந்த வழியாக அஞ்சல் வரலாம் என்ற பட்டியல். உலகத்துக்கே தெரிகிற பட்டியல். தொழிற்சாலையின் பெயருக்கு அடியில் தன் வீட்டை எழுதி வைத்திருக்கிறார்.

"மேடம், இது தப்பில்லையா? நாளைக்கு இங்கிருந்து யாராச்சும் முதலாளி பேர்ல ஒண்ணு அனுப்பினா அதுவும் தேறிடுமே! நீங்களே சொல்லிக் குடுத்தது!"

"இங்கிருந்து யாரு சார் அனுப்பப் போறாங்க? வீட்ல நானும் அவனும்தான்."

அவர் எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தார். என் டீ ஆறுகிற நேரம் வரை கையைச் சுவிட்ச்மேலேயே வைத்திருந்தார், தூங்குகிற பிள்ளையை இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று விடுவதுபோல. பிறகு போட்டார். மிஷின் இழுத்தது, உருட்டியது, நிமிர்ந்தது. வெளியே பண்ணையில் ஒரு மாடு கத்தியது. ஸ்டூலின்மேல் இருந்த போன் டிங் என்றது.

அவர் உடனே திறக்கவில்லை. எந்த அஞ்சல் வந்தாலும் செய்வதைத்தான் செய்தார். மேலே உள்ள பெயரைத் தாண்டி, கீழே வந்த வழியை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். உதடு அசைய ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். பிறகு போனை என் பக்கம் திருப்பினார். எல்லாம் சரி என்று பச்சையில் இருந்தது.

"பாருங்க சார்," என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "வீட்ல இருந்துதான் அனுப்பியிருக்கான்."